குளிர்விக்கும் முன் காற்றைக் கேளுங்கள்

(கல்லூரி மாணவர்கள், கணினி பழுதுபார்ப்போர், பொதுமக்கள் கலந்துகொண்ட சென்னைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது: “கம்ப்யூட்டர் ரொம்பச் சூடாகுது சார், ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சு ஓட்டினா என்ன?” கேட்டவரைச் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சிப்புக்குச் சூடு ஆகாது, ஃப்ரிட்ஜ் சூட்டை எடுக்கும், ஆகவே சிப்பை ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்பது ஒழுங்கான தர்க்கம்தான். பெரிய பொறியாளர்களே அந்த வழியில் போயிருக்கிறார்கள். 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த ஈடிஏ-10 என்ற மீத்திறன் கணினியின் செயலிப் பலகைகள், மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனுக்குள் மூழ்கிக் கிடந்தபடியே வேலை செய்தன. குளிரில் மின்கம்பியின் தடை குறைகிறது, டிரான்சிஸ்டர் விரைவாகிறது. இது நிரூபணமான உண்மை.

அப்படியானால் ஃப்ரிட்ஜ் யோசனை எங்கே சறுக்குகிறது? இரண்டு இடங்களில். ஒன்று வெப்பக் கணக்கு. அது எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். மற்றொன்று காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீர். இன்றைய பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியது.

ஃப்ரிட்ஜின் வரவுசெலவு

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் நட்சத்திர லேபிளைப் பாருங்கள். ஆண்டுக்கு 200 யூனிட் என்று போட்டிருந்தால், அதை ஆண்டின் 8,760 மணி நேரத்தால் வகுங்கள். சராசரியாக 23 வாட் வரும். கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் நூறு, நூற்றைம்பது வாட் இழுக்கும், பிறகு ஓய்வெடுக்கும். சுவர் வழியே கசிந்து வரும் வெப்பத்தையும், புதிதாக வைத்த காய்கறி, பால் ஆகியவற்றின் வெப்பத்தையும் வெளியேற்றுவதற்கு அது போதும்.

இப்போது கணினிக்கு வருவோம். கேம் ஆடும் ஒரு மேசைக் கணினி 300 வாட் எடுத்தால், அந்த 300 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. வெண்டைக்காயும் தயிரும் வெப்பம் தயாரிப்பதில்லை. கணினியோ ஒரு கணமும் விடாமல் தயாரிக்கிறது. அதை வெப்பம் வெளியே போகாதபடி நுரை அடைத்த பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினால், கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடித் தோற்கும். பெட்டியின் உள்ளே வெளியறையைவிடச் சூடு ஏறும். குளிருக்காக வைத்தோம், அடுப்பாகிவிட்டது. ஃப்ரிட்ஜும் போகும், கணினியும் போகும்.

“சரி சார், ஓட்ட வேண்டாம். சூடான போனைக் கொஞ்ச நேரம் உள்ளே வச்சு எடுத்துடறேன்” என்பார் இன்னொருவர். இங்கேதான் இரண்டாவது சறுக்கல் தொடங்குகிறது.

ஏறுவோரும் இறங்குவோரும்

காற்று பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கில அறிவியலாளர் ஜான் டால்டன் அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டார். ஓர் இடத்தில் எவ்வளவு நீராவி இருக்க முடியும் என்பதைக் காற்று தீர்மானிப்பதில்லை, வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது என்று காட்டினார். காற்றே இல்லாத வெற்றிடத்திலும் அதே அளவு ஆவிதான் இருக்கும்.

நீர்ப்பரப்பை ஒரு டவுன் பஸ்ஸாக எண்ணிக்கொள்ளுங்கள். மூலக்கூறுகள் அதிலிருந்து இறங்கிக்கொண்டும் அதில் ஏறிக்கொண்டும் இருக்கின்றன. இறங்குவோர் எத்தனை பேர் என்பது அந்தப் பரப்பின் வெப்பநிலையைப் பொறுத்தது. சூடு கூடினால் இறங்குவோர் கூடுவர். ஏறுவோர் எத்தனை பேர் என்பது சுற்றிலும் எவ்வளவு ஆவி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பரப்பு குளிரக் குளிர இறங்குவோர் குறைவர், ஏறுவோர் மட்டும் அப்படியே இருப்பர். ஒரு கட்டத்தில் ஏறுவோர் மிஞ்சுவர், அந்தப் பரப்பில் நீர் அரும்பத் தொடங்கும். அந்தக் கட்டத்துக்குரிய வெப்பநிலையைத்தான் பனிநிலை என்கிறோம்.

எண்களில் பார்ப்போம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9.4 கிராம், பூஜ்யத்தில் 5 கிராமுக்கும் குறைவு. பத்து டிகிரி இறங்கும்போதெல்லாம் கொள்ளளவு ஏறக்குறையப் பாதியாகிறது. மிச்ச ஆவி எங்கேயாவது நீராகித்தான் தீர வேண்டும்.

உங்கள் ஊரின் பனிநிலையைக் கண்டுபிடிக்க ஒரு மனக்கணக்கு சொல்கிறேன். ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய ஆவியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பது) ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது இது நன்றாகவே பொருந்தும். நூறிலிருந்து ஒப்பு ஈரப்பதத்தைக் கழியுங்கள், வருவதை ஐந்தால் வகுங்கள், அதைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். சென்னையில் ஒரு மாலை: 30 டிகிரி, 70 விழுக்காடு. நூறில் எழுபது போக முப்பது, ஐந்தால் வகுத்தால் ஆறு, முப்பதில் ஆறு போக 24. இந்த அரங்கத்துக்கு வெளியே 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளும் நனையும். 24 டிகிரி என்பது குளிரே அல்ல, பலர் வீட்டு ஏசியில் வைக்கும் அளவு அது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மங்குவது இதனால்தான்.

இதே கணக்கை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோவோம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் கனடா அல்லது வட ஐரோப்பிய வீடொன்றில், 21 டிகிரி வெப்பம், 30 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வறட்சிக்கு என் மனக்கணக்கு பொருந்தாது, அட்டவணையைப் பார்க்க வேண்டும். அட்டவணை சொல்லும் பனிநிலை ஏறத்தாழ 3 டிகிரி. அந்த வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் ஒரு கருவியை எடுத்து மேசையில் வைத்தால், அதன்மேல் ஒரு சொட்டுக்கூட அரும்பாது. அதே கருவி, அதே ஃப்ரிட்ஜ், அதே 5 டிகிரி. சென்னையில் எடுத்து வைத்தால் அது பனிநிலைக்கு 19 டிகிரி கீழே இருக்கிறது, நிமிடத்தில் நீர் வழியும்.

நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: எவ்வளவு குளிர் தாங்கும் என்று கருவியிடம் கேட்பதற்கு முன், எந்தக் காற்றில் குளிர்விக்கிறோம் என்று கேளுங்கள். ஓர் ஊரில் வேலை செய்த உத்தி இன்னோர் ஊரில் கருவியைக் கொல்லும்.

பனி பற்றி ஒரு மருத்துவர்

பனி வானத்திலிருந்து இறங்குகிறது என்று ஒரு கூட்டமும், மண்ணிலிருந்து எழுகிறது என்று மற்றொரு கூட்டமும் நெடுங்காலம் வாதாடின. இதைத் தீர்த்து வைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். 1814இல் பனி பற்றி ஒரு நூல் எழுதினார். அவரது சோதனைக் கருவி வெறும் கம்பளிப் பஞ்சு. சம எடையுள்ள பஞ்சுத் துண்டுகளை இரவில் தோட்டத்தில் வைத்து, பிறகு எடை பார்த்தார். உயர்த்தி நிறுத்திய பலகையின் மேலே ஒன்று, அடியில் ஒன்று. மண்ணிலிருந்து பனி எழுந்தால் அடியிலுள்ளது அதிகம் நனைய வேண்டும். மேலே இருந்ததுதான் அதிகம் நனைந்தது. அப்படியானால் மேலிருந்து விழுகிறதா? மேலே திறந்த மண் குழாய் ஒன்றுக்குள் பஞ்சை வைத்தார். நேர் மேலிருந்து விழுவது எதுவானாலும் அதில் விழத்தான் செய்யும். ஆனால் திறந்த வெளியில் கிடந்த பஞ்சைவிட அது மிகக் குறைவாகவே நனைந்தது.

விடை இதுதான்: தெளிந்த வானத்தை நோக்கியிருக்கும் பொருள் தன் வெப்பத்தை வானுக்குக் கதிராக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்கிறது. குளிர்ந்த பிறகே அதன்மேல் காற்றின் ஈரம் படிகிறது. அதுவரை பலரும் பனி படிவதால் பொருள் குளிர்கிறது என்று எண்ணியிருந்தார்கள். வெல்ஸ் வரிசையைத் திருப்பிப் போட்டார்: குளிர் முதலில், நீர் பிறகு.

இதன் மறுபக்கம் கணினிக்காரர்களுக்கு நல்ல செய்தி. சுற்றுக் காற்றைவிடச் சூடாக இருக்கும் பொருளில் நீர் அரும்பவே முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள் சிப், ஹீட் சிங்க், பவர் சப்ளை எல்லாம் அறையைவிடச் சூடு. மார்கழி மாதக் குளிரோ ஐப்பசி மழையோ அவற்றை நனைப்பதில்லை. காற்றாடியாலும் சாதாரண லிக்விட் கூலராலும் எந்தப் பகுதியையும் அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அதனால்தான் அவை பாதுகாப்பானவை. அறை வெப்பத்துக்குக் கீழே இறக்கும் கருவி எது வந்தாலும், அன்றிலிருந்து பனிநிலை உங்கள் கவலையாகிறது.

வெல்ஸுக்கு ஆறு ஆண்டு கழித்து, 1820இல், ஜான் ஃபிரெடெரிக் டானியல் பனிநிலையை நேரடியாக அளக்கும் கருவியைச் செய்தார். ஈதர் ஆவியாகும்போது கண்ணாடிக் குமிழ் ஒன்று குளிரும். அதன்மேல் முதல் மங்கல் தோன்றும் கணத்தில் உள்ளிருக்கும் வெப்பமானியைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த டானியலை நீங்கள் எல்லாரும் பள்ளியில் சந்தித்திருக்கிறீர்கள். 1836இல் தாமிரமும் துத்தநாகமும் கொண்டு டானியல் மின்கலம் செய்தவர் இவரேதான். ஒரே மனிதர் பனியையும் அளந்தார், உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் காட்டினார். நீர் அரும்பிய மதர்போர்டில் இந்த இரண்டு பாடங்களும் ஒன்றாக நடக்கின்றன.

சொட்டு விழுந்த பிறகு

“தண்ணி பட்டா ஷார்ட் ஆகும்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்போதுதான் படிந்த நீர் கிட்டத்தட்டக் காய்ச்சி வடித்த நீர், மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆனால் அது படியும் இடம் சுத்தமானதல்ல. பலகையில் சால்டரிங்கின்போது மிஞ்சிய ஃபிளக்ஸ் இருக்கும், விரல் ரேகையின் உப்பு இருக்கும், தூசி இருக்கும். கடலோர ஊர்களில் கடற்காற்று கொண்டுவந்த உப்பும் இருக்கும். இவை கரைந்ததும் அந்த நீர்ப்படலம் அயனிகள் நிறைந்த கரைசலாகிறது.

இப்போது மின்சாரம் கொடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கால்கள், ஒன்றில் 5 வோல்ட், மற்றதில் பூஜ்யம், நடுவே உப்புநீர். நேர்மின்வாயாக இருக்கும் காலிலிருந்து தாமிரம், வெள்ளீயம், வெள்ளி ஆகியவை அயனிகளாகக் கரைகின்றன. எதிர்மின்வாயில் அவை மறுபடி உலோகமாகப் படிகின்றன. படிவது சமமாகப் படியாமல் மெல்லிய இழையாகக் கிளைத்து எதிர்ப்பக்கம் நோக்கி வளர்கிறது. இழை மறுகரையைத் தொட்டதும் அங்கே பாலம் விழுகிறது. சில வேளை அந்த இழை தன் வழியே ஓடும் மின்சாரத்தாலேயே எரிந்து அறுபடும். கருவி திடீரென நிற்கும், பிறகு தானாகவே வேலை செய்யும். பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்தால் ஈரமும் இருக்காது, தடயமும் கண்ணில் படாது. அடுத்த ஈரத்தில் கதை மறுபடி தொடங்கும்.

மின்சாரம் இல்லாவிட்டாலும் வேறு வேலை நடக்கிறது. ரேம் போன்ற பகுதிகளின் முனைகளில் நிக்கலுக்கு மேலே மெல்லிய தங்கப் பூச்சு இருக்கும். பூச்சில் நுண்ணிய துளை இருந்து அங்கே ஈரம் சேர்ந்தால், தங்கமும் அடியுலோகமும் சேர்ந்து ஒரு குட்டி டானியல் கலமாகின்றன. தங்கம் அசையாது, அடியுலோகம் அரிபடும். அதனால்தான் நனைந்த கருவி அன்றைக்கு வேலை செய்தாலும் ஆறு மாதம் கழித்துப் படுத்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. சாதாரண உப்பு, ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவது இதனால்தான். உப்புத் தூசி படிந்த பலகை நனைவதற்குப் பனிநிலை வரை குளிர வேண்டியதில்லை, அதை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும் அளவுக்குக் குளிர்ந்தாலே போதும். கடலோரக் கணினிக்குத் தூசி தட்டுவது பாதுகாப்பில் பாதி.

மேகம் புகுந்த கட்டடம்

இதெல்லாம் வீட்டுக் கணினிக்காரர்கள் பாடு, பெரிய நிறுவனங்களுக்கு நடக்காது என்று எண்ண வேண்டாம். ஃபேஸ்புக் நிறுவனம் தன் முதல் சொந்தத் தரவு மையத்தை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பிரைன்வில் என்ற வறண்ட மேட்டு நிலத்தில் 2011இல் திறந்தது. குளிர்பதன இயந்திரங்கள் வேண்டாம் என்று முடிவு செய்து, வெளிக்காற்றை உள்ளே இழுத்து, அதன்மேல் நீரைப் பூந்தூறலாகத் தெளித்துக் குளிர்வித்தார்கள். வறண்ட ஊருக்கு இது அருமையான முறை. மின்செலவு மிகக் குறைவு.

அந்த ஆண்டுக் கோடையில் கட்டடத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு தவறியது. சர்வர்களின் பின்புறமிருந்து வரும் சூடான வறண்ட காற்று வெளியேறாமல் திரும்பத் திரும்ப உள்ளேயே சுற்றியது. சூடான வறண்ட காற்று நீரை மொண்டு குடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் தூறலில் நனைந்து, கடைசியில் 27 டிகிரிக்கு மேல் வெப்பமும் 95 விழுக்காட்டைத் தாண்டிய ஈரப்பதமுமாகச் சர்வர்களின் முன்புறம் வந்து சேர்ந்தது. நம் மனக்கணக்கைப் போடுங்கள்: பனிநிலை 26 டிகிரி. காற்றைவிட ஒரே ஒரு டிகிரி குளிர்ந்த பொருள் அங்கே நனையும். கட்டடத்துக்குள் மேகம் புகுந்தது போலானது. பவர் சப்ளைகளில் நீர் படிந்தது, சர்வர்கள் அணைந்தன, தாமாக மறுபடி தொடங்கின, சில பழுதாயின. பிற்பாடு கட்டுப்பாட்டு அமைப்பைத் திருத்தினார்கள், பவர் சப்ளைகளுக்கு ஈரம் புகாத பூச்சும் கொடுத்தார்கள்.

கவனியுங்கள், அங்கே எதுவும் ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிரவில்லை. நம் வீட்டு வெப்பநிலைதான். காற்றின் ஈரம் ஏறியதால் பனிநிலை மேலே வந்து கருவிகளைத் தொட்டது. கருவி பனிநிலைக்கு இறங்கினாலும், பனிநிலை கருவி வரை ஏறினாலும் விளைவு ஒன்றே. தரவு மையங்களுக்கு நெறிமுறை வகுக்கும் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம், 18 முதல் 27 டிகிரி வரை என்று வெப்பநிலை வரம்பு சொல்வதோடு நிற்காமல், பனிநிலை 15 டிகிரியைத் தாண்டக்கூடாது என்றும் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஃப்ரீசரில் ஹார்ட் டிஸ்க்

பழுதுபார்க்கும் நண்பர்களுக்கு இந்த நாட்டு வைத்தியம் தெரியும். ஹார்ட் டிஸ்க் ‘கிளிக் கிளிக்’ என்று அடிக்கிறது, உள்ளே கல்யாணப் படங்கள் இருக்கின்றன, வாடிக்கையாளர் அழாத குறை. “ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வச்சு எடுங்க, ஒரு தடவை ஓடும்” என்று யாராவது சொல்வார்கள். பழைய டிஸ்க்குகளில் பேரிங் இறுகிப் போவதும், தரவைப் படிக்கும் ஹெட் தட்டில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. குளிரில் உலோகம் சுருங்கி, இறுக்கம் விட்டு, சில டிஸ்க்குகள் ஓடியிருக்கலாம். வென்றவர்கள் கதை சொன்னார்கள், தோற்றவர்கள் சொல்லவில்லை. வைத்தியம் பரவியது.

இன்றைய டிஸ்க்குக்குள் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹீலியம் அடைத்த வகைகளைத் தவிர மற்ற ஹார்ட் டிஸ்க்குகள் காற்றுப் புகாதவை அல்ல. மூடியில் ஒரு மூச்சுத் துளை உண்டு. அதிலுள்ள வடிகட்டி தூசியைத் தடுக்கும், நீராவியை முழுதாகத் தடுக்காது. ஆகவே உள்ளே இருப்பதும் ஏறக்குறைய நம் ஊர்க் காற்றுதான். உள்ளே 100 மில்லிலிட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாலைக் கணக்கில் அதில் 2 மில்லிகிராம் நீராவி இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் அதில் பெரும்பகுதி உறைந்து படிய வேண்டும். இரண்டு தட்டுகள், நான்கு முகங்கள், அவற்றின்மேல் சீராகப் படிந்தால் கனம் ஏறத்தாழ 80 நானோமீட்டர். ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான்! டிஸ்க்குக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இருந்து அதில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டாலும், மிஞ்சும் பத்திலொரு பங்கே அந்த இடைவெளியை அடைத்துவிடும்.

மேசைக் கணினியின் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றுகிறது. தட்டின் விளிம்பு மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஹெட் பனிப்படலத்தில் உரசினால் காந்தப் பூச்சு வழிக்கப்படும், படங்கள் தூளாகப் போகும். வெளிப்புறத்தில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த நொடியே சர்க்யூட் பலகையில் நீர் ஓடும். அதற்கு மின்சாரம் கொடுத்தால் சற்று முன் சொன்ன டானியல் பாடம் வேறு. தரவு முக்கியம் என்றால் டிஸ்க்கை அணைத்து வைத்துவிட்டு, தரவு மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அவர்களிடம் போகும் டிஸ்க் ஃப்ரீசருக்குப் போகாததாக இருந்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

நகரும் பாகங்களுக்கு ஈரம் ஆகாது என்பது புது ஞானம் அல்ல. எண்பதுகளில் வீடியோ டெக் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், பல டெக்குகளில் ‘டியூ’ என்று எச்சரிக்கை எரியும். உள்ளே ஓர் ஈர உணரி இருந்தது. சுழலும் ஹெட் டிரம்மில் ஈரம் படிந்தால் டேப் ஒட்டிக்கொண்டு கிழியும் என்பதால், காயும் வரை டெக் ஓட மறுத்தது. இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த எச்சரிக்கை விளக்கு இல்லை. விவரக் குறிப்பில் ஈரப்பத வரம்புக்குப் பக்கத்தில் ‘நான்-கண்டென்சிங்’ என்று ஒரே ஒரு சொல் இருக்கும். நீர் அரும்பாத வரைதான் இந்த எண்கள் செல்லும், அதற்குப் பிறகு நாங்கள் பொறுப்பல்ல என்பதே அதன் பொருள்.

குளிரை அடக்கியவர்கள்

அப்படியானால் ஈடிஏ-10 எப்படி நனையாமல் பிழைத்தது? காற்றை அண்ட விடவில்லை. பலகைகள் மூடிய கலத்தில் திரவ நைட்ரஜனுக்குள் இருந்தன. ஈரக் காற்று இல்லாத இடத்தில் பனிநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

செயலியை அதற்குரிய வேகத்தைத் தாண்டி ஓட்டும் ஓவர்கிளாக்கிங் பந்தயக்காரர்கள் இன்னும் துணிச்சலானவர்கள். 2011இல் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் செயலி ஒன்றைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டி கின்னஸ் சாதனை செய்தார்கள். காற்றே திரவமாகிவிடும் குளிர் அது. இத்தகைய பந்தயங்களில் மதர்போர்டு முழுவதும் வாசலினைப் பூசி, ரப்பர் நுரையால் மூடி, சுற்றிலும் காகிதத் துண்டுகளைத் திணித்து வைப்பார்கள். இவ்வளவும் சில நிமிட ஓட்டத்துக்கு. பந்தயம் முடிந்ததும் பலகையைக் கழற்றி உலர்த்துவார்கள். அன்றாடம் கணக்கு எழுதும் கணினிக்கு இது வழியல்ல.

இன்டெல் நிறுவனம் 2020இல் நடுவழி ஒன்றை முயன்றது. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியே தகட்டைச் செயலியின்மேல் வைத்தது. அதனுடன் ஈரப்பத உணரியும் மென்பொருளும் சேர்த்து, தகடு பனிநிலைக்குக் கீழே இறங்காதபடி பார்த்துக்கொண்டது. அறிவுள்ள ஏற்பாடு. ஆனால் பனிநிலை 24 ஆக இருக்கும் ஊரில் அந்தத் தகடு எவ்வளவு தூரம் இறங்க முடியும்? அறைக்குக் கீழே ஐந்தாறு டிகிரி. அந்த ஐந்தாறு டிகிரிக்குத் தகடு தின்னும் மின்சாரம் தனி. 2023இல் இன்டெல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

பெரிய கணினிகளோ எதிர்த் திசையில் நடந்துவிட்டன. சூரிக் நகரில் 2010இல் ஐபிஎம் அமைத்த அக்வாசர் என்ற கணினியைக் குளிர்வித்தது 60 டிகிரி வரை சூடான வெந்நீர். மூனிக் அருகே 2012இல் இயங்கத் தொடங்கிய சூப்பர்மக் கணினிக்கு 45 டிகிரி வரை வெதுவெதுப்பான நீர். சிப் 80 டிகிரியில் இருக்கும்போது 60 டிகிரி நீரும் அதற்குக் குளிர்தான். வெந்நீர்க் குழாயின்மேல் எந்த ஊர்க் காற்றிலும் நீர் அரும்பாது, வெளியே வரும் சூட்டைக் கொண்டு கட்டடத்தையும் கதகதப்பாக்கலாம். கணினிக்கு வேண்டியது குளிர்ச்சி அல்ல, வெப்பத்துக்கு வெளியே போக ஒரு வழி. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் ஃப்ரிட்ஜ் நினைவே வராது.

நம் ஊரில் என்ன செய்யலாம்

ஏசி அறை கணினிக்கு நல்லதா என்று கேட்பீர்கள். நல்லதே. 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் தன் முதல் ஏசி அமைப்பை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல, ஈரத்தில் காகிதம் விரிந்து வண்ணங்கள் விலகிய ஓர் அச்சகத்துக்காக. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தப் பிறந்த இயந்திரம் அது. அறையிலேயே மிகக் குளிர்ந்த இடம் ஏசியின் காயில், ஈரம் அங்கே படிந்து குழாய் வழியே வெளியே சொட்டுகிறது. 24 டிகிரி, 50 விழுக்காடு உள்ள ஏசி அறையில் பனிநிலை ஏறத்தாழ 13. அங்கே அறை வெப்பத்தில் இருக்கும் எதுவும் நனையாது.

ஆபத்து இரண்டு காற்றுகள் சந்திக்கும் கணத்தில் வருகிறது. சிறிய அலுவலகங்களின் சர்வர் அறையில் ஏசியை 18இல் வைத்திருப்பார்கள். மின்தடை வரும். யுபிஎஸ் சர்வரை ஓட்டும், ஏசி நின்றுவிடும். புழுக்கம் என்று யாராவது ஜன்னலைத் திறப்பார்கள். 24, 25 டிகிரி பனிநிலை கொண்ட காற்று உள்ளே வரும். ஓடும் சர்வருக்கு ஒன்றும் ஆகாது, அது சூடாக இருக்கிறது. அணைத்து வைத்த சர்வர், பயன்படுத்தாத நெட்வொர்க் ஸ்விட்ச், மேசையின் கீழே கிடக்கும் உதிரி ஹார்ட் டிஸ்க் இவைதான் நனையும். மின்சாரம் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டிவிடுவார்கள். ஆகவே ஏசியை 18க்கு இறக்காதீர்கள். 24, 25 போதும். மின்தடையில் ஜன்னலை உடனே திறக்காதீர்கள். முதலில் ஓடத் தேவையில்லாத சர்வர்களை முறையாக அணைத்து உள்ளே சேரும் வெப்பத்தைக் குறையுங்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால், அதன்பின் அணைந்திருக்கும் கருவிகளை அறை வெப்பத்துக்கு வந்து உலரும் வரை இயக்காதீர்கள்.

குளிர்ந்த இடத்திலிருந்து கருவியை வெளியே எடுக்கும்போது, குளிர் இடத்திலேயே ஒரு ஜிப்-லாக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, மூடி எடுங்கள். நீர் பையின்மேல் அரும்பும், கருவியின்மேல் அரும்பாது. கருவி அறைச்சூட்டுக்கு வந்த பிறகே பையைத் திறங்கள். குளிர்நாட்டுப் புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு ஆண்டாண்டாகச் செய்வது இதுதான்.

சூடான போனை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். உறையைக் கழற்றி, நிழலில், மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். போனுக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் ஒன்று உண்டு, அது சிவந்தால் வாரண்டிக்காரர் கையை விரிப்பார். ஃப்ரீசரில் வைத்த போனை உடனே சார்ஜ் செய்வது இன்னும் மோசம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

நனைந்துவிட்டால் ஆன் செய்து சோதிக்கும் ஆசையை அடக்குங்கள். மின் இணைப்பைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்துங்கள். உப்பு படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மின்சாரம் இல்லாத நீர் மெதுவாகக் கெடுக்கும், மின்சாரம் சேர்ந்த நீர் அன்றைக்கே கெடுக்கும்.

கடைசியாக மாணவர்களுக்கு. ஒரு தொழில்நுட்ப உத்தியைப் படிக்கும்போது, அது எந்த ஊர்க் காற்றில் எழுதப்பட்டது என்று கேளுங்கள். கனடாவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் சோதித்தவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது வேலை செய்திருக்கும். அவர் வீட்டுக்குள் பனிநிலை 3, உங்கள் ஊர்ப் பனிநிலை 24. போனில் வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு நிற்காமல் ஈரப்பதத்தையும் பாருங்கள், நான் சொன்ன கழித்தலைப் போடுங்கள், வரும் எண்ணைச் சர்வர் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். எந்தக் கருவியையும் அந்த எண்ணுக்குக் கீழே குளிர்வித்து, கதவைத் திறந்து வைக்காதீர்கள்.